பாக்கெட்டின் பின்பக்கம்

பாக்கெட் சரக்குத் தொழிலில் முன்பக்கம் பார்த்து வாங்குகிறவர் வாடிக்கையாளர், பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறவர் வில்லங்கம். இருபத்திரண்டு வருடமாக ஓசூரிலிருந்து பாகலூர், கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி வரைக்கும் வேன் ஓட்டிக்கொண்டு போய்க் கடை கடையாகச் சரக்குப் போடுகிறேன். பிஸ்கட், சேமியா, மசாலா, முறுக்கு எல்லாம். சாமல்பட்டியில் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஓசூர் குடோனில் மூட்டை தூக்க வந்தவன் நான். எனக்கு யாரும் தொழில் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்ற முதல் பாடம்: ஒரு பொருள் நமக்கு எதற்காக வேண்டும் என்பதை விற்கிறவனிடம் மூச்சு விடக்கூடாது. நம் அவசியம் தெரிந்தால் அவன் ரேட்டை ஏற்றுவான். இந்தப் பாடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால், என் மகள் ரம்யாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, பெங்களூர் ஆஸ்பத்திரியில் சீலியாக் என்று சொன்னார்கள். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் அவள் குடலை அரித்துவிடுகிறது. சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. வகுப்பில் அவள்தான் எல்லோரையும் விடக் குள்ளம். மருந்து கிடையாது, ஆயுசுக்கும் கோதுமை படாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். "வயசுக்கு வர்றதுக்குள்ள குடல் ஆறிட்டா வளர்த்தியைப் பிடிச்சிடுவா, அப்புறம் கஷ்டம்" என்றார் டாக்டரம்மா. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வயிறு இருந்தால் இதில் பாதி உங்களுக்கே நடந்திருக்கும். மீதிப் பாதி நடக்காமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பச்சைக் கவர் சேமியா

கோதுமையை நிறுத்தச் சொன்ன மறுநாளே, என் வேனிலிருந்து ஒரு பெட்டி ராகி சேமியாவை வீட்டில் இறக்கினேன். பச்சைக் கவர், அதில் ஒரு ராகிக் கதிர் படம். பல வருடமாக நானே வாய் வலிக்கப் பேசி விற்ற சரக்கு. "சுகர் இருக்கறவங்க கண்ண மூடிக்கிட்டு சாப்பிடலாம்" என்று எத்தனை கடையில் சொல்லியிருப்பேன். மூன்று வாரம் ரம்யாவுக்குக் காலையில் அதுதான். மூன்று வாரமும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

எனக்கு இங்கிலீஷ் முன்பக்கப் பெரிய எழுத்து வரைக்கும்தான் வரும். பின்பக்கம் இருப்பதெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி. ஒரு நாள் ரம்யாவே தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கவரைத் திருப்பிப் படித்தாள். முதல் பெயரே கோதுமை மாவு, ராகி இரண்டாவதாக நின்றது. எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டுமாம். இத்தனை வருடம் விற்ற எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் ஏரியாவைப் பார்க்கிற கம்பெனி ஆளைப் போனில் பிடித்து, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். படித்தவன். குரலைக்கூட உயர்த்தாமல், நான் ஓயும்வரை பொறுத்திருந்து சொன்னான்: "சார், பேரு ராகி சேமியா. ராகி மட்டும்தான் இருக்குன்னு எங்கயாவது எழுதியிருக்கமா, காட்டுங்க."

மஞ்சள் டப்பா

சேமியா போனது, பிஸ்கட் போனது, மாலைக்குக் குடிக்கிற சத்துப் பானமும் பார்லி என்று போனது. இனிமேல் சோறு, சாம்பார், ரசம் மட்டும்தான் என்று என் மனைவி செல்வி முடிவு கட்டினாள். சோற்றில் யார் என்ன கலக்க முடியும்? ஆனாலும் வயிறு ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி அடுப்படியில் இருந்த டப்பா அத்தனையையும் தரையில் வரிசையாக வைத்தாள். ரம்யா ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். மஞ்சள்தூள் சரி, புளி சரி. மஞ்சள் நிறப் பெருங்காய டப்பாவில் நிறுத்திவிட்டாள். அதில் பெருங்காயம் கொஞ்சம், மீதியெல்லாம் மைதாவும் பிசினும். தினமும் சாம்பாரில் ஒரு சிட்டிகை, ரசத்தில் ஒரு சிட்டிகை, மோரில் ஒரு சிட்டிகை. பெண் வயிற்றை ஆற்றுகிறோம் என்று நாங்கள் மூன்று வேளையும் மைதா தூவிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு பாகலூரில் கௌரம்மா கடைக்குப் போனேன். வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், சந்தையில் தெலுங்கு பேசுகிற பொம்பளை. அவர் கடைக்கு அந்த டப்பாவைப் போடுகிறவனே நான்தான். மைதா கலக்காத கட்டிப் பெருங்காயம் எங்கே கிடைக்கும் என்று நான் அவரிடம் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் டப்பாவை என்னிடமிருந்து வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசமா விக்கறேன்ப்பா. பெருங்காயத்துல பெருங்காயம் எவ்ளோ இருக்குதுன்னு கேட்ட மொத ஆளு, அதை எனக்குக் கொண்டாந்து போடற நீதான்."

தனி கவுண்டர்

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியின் கேன்டீனுக்கு அரிசி அப்பளமும் வடகமும் போட்டுக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து யாரோ அதிகாரிகள் வருகிறார்கள் என்று, அங்கே ஒரு மூலையில் பளபளவென்று தனி கவுண்டர் வைத்தார்கள். மேலே 'குளூட்டன் ஃப்ரீ' என்று பலகை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நம் நோய்க்கு ஒரு கம்பெனி பலகை எழுதி மாட்டுகிற காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ரம்யாவை ஒரு நாள் கூட்டி வந்து, பலகையைப் பார்த்துத் தைரியமாகச் சாப்பிடச் சொல்ல வேண்டும் என்றுகூட ஆசை.

சரக்கு இறக்கப் பின்பக்கம் போனேன். சமையல்காரர் ஒரே கடாயில் பூரி பொரித்து அள்ளிவிட்டு, அதே எண்ணெயில் என் அரிசி அப்பளத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். எடுப்பதும் அதே கரண்டி. நான் கத்தியதில் பாத்திரம் கழுவுகிறவர்கள் வரை திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் அடுப்பைக்கூடக் குறைக்கவில்லை. "போர்டு வைக்கச் சொன்னாங்க, வெச்சாச்சு. தனியா எண்ணெ வைக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லல சார்."

ஸ்டிக்கர் ரோல்

ஓசூரில் லேபிள் அச்சடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். சின்னக் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் போவார்கள். ஒரு நாள் சரக்கு விஷயமாக அங்கே போனபோது, மேசைமேல் ரோல் ரோலாக ஸ்டிக்கர்: சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, ரசாயனம் இல்லை. அந்த வரிசையில் பச்சை வட்டத்துக்குள் கோதுமைக் கதிரைக் குறுக்கே அடித்த படம். என்ன பொருள் என்று எதுவும் எழுதாமல், யார் கேட்டாலும் கிழித்துக் கொடுக்கத் தயாராக இருந்தது. பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தானே கொடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே கூச்சமாகிவிட்டது. கூச்சம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும். ரோலை மேசையில் ஓங்கிப் போட்டேன், அது உருண்டு வாசல்வரை விரிந்துகொண்டு போனது. அவர் நிதானமாக எழுந்து போய்ச் சுற்றி எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஒட்டறவங்க பாவம் ஒட்டறவங்களுக்கு அண்ணா. நான் பசை தடவிக் குடுக்கறேன், அவ்ளோதான்."

என் மகள் சாப்பிடும் மாவு

இனி எவன் பாக்கெட்டும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். பாகலூர் பக்கம் ஒரு விவசாயியிடம் களத்திலேயே பேரம் பேசி ராகி வாங்கினேன். செல்வி கல் பொறுக்கி, கழுவி, மாடியில் காயவைத்தாள். அரைப்பதற்கு முனிராஜு மில். பத்து வருடப் பழக்கம். ஒரே மிஷின்தான், மிளகாய், மல்லி, ராகி, கோதுமை எல்லாம் அதில்தான். "பாப்பாவுக்கு வயிறு சரியில்ல. காலைல மொத அரைப்பு என்னுதா இருக்கணும். முன்ன அரைச்சது ஒரு தூசிகூட இருக்கக்கூடாது, மிஷினை சுத்தமா வெச்சிரு" என்றேன். எதனால் என்று சொல்லவில்லை. சொன்னால் ரேட் ஏறும், அது ஒன்று. பெண் பிள்ளைக்கு ஆயுசுக்கும் நோய் என்று ஊர் முழுக்கப் போய்ச் சேரும், அது இன்னொன்று. முனிராஜு ரேட்டை ஏற்றவில்லை. நான் எட்டு மணிக்குப் போகும்போது மிஷின் பளிச்சென்று துடைத்துத் தயாராக இருக்கும். பேரத்தில் இப்படி ஜெயித்தது கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் பழக்கமானவள் சங்கரி. சிவகாசிப் பக்கத்துப் பெண், ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ரம்யாவுக்கு இருக்கிற அதே நோய். "எதைத் தின்னுறதுன்னே தெரியல அண்ணாச்சி" என்று அழுதவளுக்கு ஒரு கிலோ ராகி மாவைக் கொடுத்தேன். அவளிடமிருந்து இன்னொரு வீடு, அங்கிருந்து இன்னொன்று என்று பதினொரு பேர் கேட்டார்கள். கேட்கிறார்கள் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. கவர் வாங்கினேன், லேபிள் அடிக்க அதே ஸ்டிக்கர்காரரிடம் போனேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ரிப்போர்ட் இருக்குதாண்ணா?" என்று சிரித்தார். "என் மகள் சாப்பிடற மாவு. இதுக்கு மேல என்னய்யா ரிப்போர்ட்?" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பேனாவைத் திறந்தார்: "நல்லா இருக்கே. அதையே அடிச்சிரட்டா?"

அடித்தோம். 'என் மகள் சாப்பிடும் மாவு. கோதுமை துளியும் இல்லை.' முன்பக்கம் இவ்வளவுதான். பின்பக்கம் வெள்ளையாக விட்டாயிற்று. "என்னா எழுதறது அங்க, நீயே சொல்லு" என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னார்: "உன் மூஞ்சியப் பாத்து வாங்கறவங்க அங்கல்லாம் திருப்ப மாட்டாங்கண்ணா."

ஆறு மாத ரிப்போர்ட்

ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. உடம்புக்குள் கோதுமை போகிறதா என்று காட்டுகிற எண், இறங்கியிருக்க வேண்டியது, இறங்கவே இல்லை. சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தார்கள், போன தடவை போட்ட கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். "எங்கிருந்தோ கோதுமை போய்க்கிட்டே இருக்கு, கண்டுபிடிங்க" என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் முதலில் செல்வியிடம் பாய்ந்தேன். அப்புறம் அவள் அம்மா வீட்டை இழுத்தேன். யாரும் சிக்கவில்லை என்றதும் ரம்யா பக்கம் திரும்பினேன். பள்ளிக்கூடத்தில் யார் டிபன் பாக்ஸில் கை வைத்தாய், யார் பிஸ்கட் கொடுத்தார்கள், சொல் என்று பஸ் ஸ்டாண்டில் நான்கு பேர் பார்க்கக் கேட்டேன். இனிமேல் அவள் பையைத் தினமும் சோதிக்கப் போவதாகச் சொன்னேன். சோதிக்கவும் செய்தேன். இரண்டு வாரம் அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன், ஒரு சாக்லேட் காகிதம்கூடக் கிடைக்கவில்லை.

அதற்காகவாவது ஒரு நாள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பையிலிருந்து கொட்டிய நோட்டுகளை ஒன்றொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் வெளிய எதுவும் சாப்பிடலப்பா. நீங்க குடுக்கறத மட்டும்தான் சாப்பிடறேன்."

ஏழு மணி

அந்த வாக்கியம் எனக்குள் போக இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் ராகி அரைக்க எட்டு மணிக்குப் போக வேண்டியவன், ஏழு மணிக்கே மில்லுக்குப் போய்விட்டேன். முனிராஜு நான் வந்ததைப் பார்க்கவில்லை. மிஷினை ஓடவிட்டு, ஒரு வாளியிலிருந்து படி படியாக அள்ளி மேலே கொட்டிக்கொண்டிருந்தான். கிட்டே போய் வாளியைப் பார்த்தேன். கோதுமை. நல்ல மணி மணியான கோதுமை.

"இன்னாடா பண்ற?" என்றேன். அவன் பெருமையாகத் திரும்பினான். "உனக்குத்தாண்ணா. நேத்து மிளகா ஓட்டுனது. ரெண்டு படி கோதுமை போட்டு ஓட்டுனா அந்தக் காரத்தையெல்லாம் வழிச்சு எடுத்துகினு வந்துரும். மத்தவங்களுக்கு வெறும் தவிடுதான் போடுவேன். பாப்பாவுக்குன்னு நல்ல கோதுமையா வாங்கி வெச்சிருக்கேன்." ஒவ்வொரு தடவையும், நான் வருவதற்கு முன்னால், அவன் கைக்காசில். அந்தக் கோதுமை மாவு ஒட்டியிருக்கிற மிஷினில்தான் அதற்கடுத்து என் ராகி.

கம்பெனி ஆளைத் திட்டினேன், சமையல்காரரைத் திட்டினேன், ஸ்டிக்கர்காரரின் ரோலைத் தூக்கிப் போட்டேன், பெற்ற பெண்ணைப் பஸ் ஸ்டாண்டில் நிற்கவைத்துக் கேட்டேன். உண்மையான ஆள் கண்ணெதிரே நிற்கும்போது எனக்குத் திட்ட வரவில்லை. ராகி மூட்டைமேல் உட்கார்ந்து, நோய் என்ன, எது ஆகாது என்று முதல் முறையாக, இந்த நோய் இல்லாத ஒரு வெளி ஆளிடம் சொன்னேன். முனிராஜு மிஷினை நிறுத்தினான். படியை வாளிக்குள் வைத்தான். என்னைப் பார்க்காமல் கையில் இருந்த மாவைத் துடைத்தான். அப்புறம் சொன்னான்: "கோதுமைதான் ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அரிசியப் போட்டு ஓட்டியிருப்பேனேண்ணா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஹாஸ்டல் கேட்

வீட்டுக்கு ஒரு சின்ன மிஷின் வாங்கினேன். கோதுமையைக் கண்ணால் பார்க்காத மிஷின். அது தனிக்கதை, அதில் பேரம் பேசவில்லை, எதற்கு வேண்டும் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொன்னேன், சொன்ன விலையைக் கொடுத்தேன். அடுத்த பரிசோதனையில் ரம்யாவின் எண் இறங்கத் தொடங்கியிருந்தது. சுவர்க்கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு இன்னொரு கோடு விழுந்தது. ஆறு மாதம் வீணாகப் போனதைத் திருப்பித் தர எந்த மிஷினும் இல்லை.

மில்லிலிருந்து திரும்பிய அன்றைக்கே மீதி மாவைத் திரும்ப வாங்கப் பதினொரு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் கதவை முகத்தில் சாத்தினார்கள். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள், அது அதைவிட மோசமாக இருந்தது. கடைசியாகச் சங்கரியின் ஹாஸ்டல். கேட்டுக்கு உள்ளே வர ஆண்களுக்கு அனுமதி இல்லை, அதனால் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முன்பைவிட மெலிந்திருந்தாள். தலைமுடி கொட்டி, நெற்றி அகலமாகத் தெரிந்தது. உடம்பு முடியாமல் லீவு மேல் லீவு போட்டதில், வேலையை நிரந்தரமாக்குகிற பட்டியலில் அவள் பெயரை விட்டுவிட்டார்களாம். ஹாஸ்டல் சாப்பாட்டில்தான் ஏதோ கலக்கிறது என்று சந்தேகப்பட்டு, அதை அடியோடு நிறுத்திவிட்டு, இரண்டு மாதமாக மூன்று வேளையும் என் மாவில் கூழும் களியுமாகச் சாப்பிட்டிருக்கிறாள்.

மில்லில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள், கம்பிக்குள் கையை விட்டுச் சட்டையைப் பிடிப்பாள் என்று கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது. பிடித்திருந்தால் தெரிந்த வழியில் நானும் கத்தியிருப்பேன். அவள் உள்ளே போய் பாதி தீர்ந்த பாக்கெட்டை எடுத்து வந்து, கம்பி வழியாக நீட்டினாள். நீட்டும்போது ஒரு தடவை அதைத் திருப்பி, ஒன்றுமே எழுதாத வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள். "கடை பாக்கெட்டுன்னா பின்னாடி திருப்பிப் படிச்சிருப்பேன் அண்ணாச்சி. இது உங்க பாக்கெட்டு, அதான் திருப்பவே இல்ல."

இருபத்திரண்டு வருடத்தில் நான் விற்ற எத்தனையோ ஆயிரம் பாக்கெட்டுகளில், பொய்யென்று ஒரு துளிச் சந்தேகமும் இல்லாமல், நெஞ்சில் கை வைத்து விற்றது அந்த ஒரு பாக்கெட்டைத்தான்.